பதின்மூன்று நொடி நடை

எங்கள் மருத்துவமனையில் எல்லோருக்கும் அவர் எக்ஸ்பிரஸ் அக்காதான். மூன்று மாடி வார்டுகளிலும் எடுத்த ரத்தத்தைப் பெட்டியில் வைத்து, கீழ்த்தளத்தில் இருக்கும் லேபுக்குக் கொண்டுபோவது அவர் வேலை. லிஃப்ட் ஸ்ட்ரெச்சருக்கு மட்டும் என்பதால் இருபத்திரண்டு வருஷமாகப் படிதான். குலுங்கினால் குழாயில் ரத்தம் கெட்டுவிடும். அதனால் பெட்டி அசையாமல் உடம்பு மட்டும் இறங்குகிற ஒரு நடையை அவரே பழகி வைத்திருந்தார்.

முழங்காலில் மூட்டுத் தேய்மானம் வந்தபின் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினார். அந்த நேரம் பார்த்து ஒரு புது நிர்வாகி வந்து சேர்ந்தார். எதையாவது அளக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. ரத்தப் பெட்டி தூக்குகிறவர்கள் மாதம் ஒருமுறை நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். பதினான்கு நொடி தாண்டினால் வேலை கிடையாது. அக்காவுக்கு வேலை போனால் பின்பக்கத்து ஊழியர் அறையும் போகும். அந்த அறையில் கண் தெரியாத அவருடைய அண்ணன் இருந்தார்.

முதல் தடவை இருபத்தொரு நொடி ஆனது. ஸ்டாப்வாட்சைப் பிடித்தது நான்தான், இங்கே பிசியோதெரபிஸ்ட். நிர்வாகி ஆறு வாரம் தவணை கொடுத்தார்.

மின்காந்த சிகிச்சை இயந்திரம் அப்போதுதான் எங்கள் பிரிவுக்கு வந்திருந்தது. சிலருக்கு வலி குறையலாம், நடை தேறுமா என்பது உறுதியில்லை என்று நானே படித்திருந்தேன். ஆனாலும் புது வண்டி வாங்கியவன் தெருவில் இரண்டு ரவுண்டு அடிக்காமல் இருப்பானா? தினமும் அரை மணி நேரம் அக்காவின் முழங்கால்களை அந்த இயந்திரத்தின் வளையங்களுக்குள் வைத்தேன்.

"ஒண்ணுமே தெரியலையே மேடம். கரண்ட் வருதா?"

"வருதுக்கா. வெளிய தெரியாமதான் வேலை செய்யும்."

"எங்க வீட்டுக்காரரும் சாகிற வரைக்கும் இதையேதான் சொல்லிட்டிருந்தாரு."

மூன்றாவது வாரம் பதினேழு நொடி. ஆறாவது வாரம் பதின்மூன்று. நான் துள்ளிக் குதிக்காத குறை. அக்காவின் நொடிக் கணக்கைப் படமாக வரைந்து மருத்துவமனைக் கூட்டத்தில் காட்டினேன். கைதட்டினார்கள், இன்னொரு இயந்திரம் வாங்க அனுமதியும் கிடைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதன்பின் எட்டு மாதம் எல்லாச் சோதனையிலும் அவர் தேறினார். நடுவில் பாதம் வீங்கியிருந்ததைப் பார்த்தேன். நாள் முழுக்க நிற்கிற கால் வீங்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். முகமும் உப்பியிருந்தது. நன்றாகச் சாப்பிடுகிறார் போலிருக்கிறது என்று கிண்டல்கூட செய்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

ஒருநாள் காலை வார்டில் பெட்டியை எடுக்கப் போனவர் வாந்தி எடுத்தார். நர்ஸ் அவரைப் பிடித்து உட்கார வைத்து ரத்தம் எடுத்தாள். கொஞ்ச நேரம் படுத்திருங்கள் என்றாள். அக்கா கேட்கவில்லை. தன் குழாயையும் மற்றவர்களுடையதோடு பெட்டியில் வைத்து, படி இறங்கி, லேபில் கொடுத்தார். அடுத்த நடைக்கு அவர் மறுபடி வந்தபோது லேப்காரர் கையில் சீட்டோடு நின்றிருந்தார்.

"யாருக்கா இது? கிட்னி ரெண்டும் போயிருக்கு. உடனே வார்டுக்குச் சொல்லணும்."

அக்கா பெட்டியை அசங்காமல் மேஜைமேல் வைத்துவிட்டு, "நான்தான் தம்பி" என்றாராம்.

டயாலிசிஸ் அறை மூன்றாவது மாடியில் இருக்கிறது. வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். இப்போது அவரை லிஃப்டில்தான் கொண்டுபோகிறார்கள். அண்ணனை ஏதோ ஒரு இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். அறைக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே சொன்னார். முதலில் சோதனைக்கு அரை மணி முன்னால் ஒரே ஒரு வலி மாத்திரை, மருத்துவமனை வாசலுக்கு எதிரில் இருக்கும் மருந்துக் கடையில் வாங்கியது. பிறகு அது இல்லாமல் படி இறங்க முடியவில்லை. கடைசியில் ஒரு நாளைக்கு ஐந்து.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"நீங்க கேக்கலையே மேடம்" என்றார். குரலில் கோபமே இல்லை. "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். உங்ககிட்ட பொய் சொல்ல எனக்கு வராது."

கீழே வந்து பழைய சோதனைப் படிவங்களை எடுத்துப் பார்த்தேன். நொடிகளுக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டம் இருக்கிறது: இன்று வலி மாத்திரை சாப்பிட்டாரா? எல்லாவற்றிலும் 'இல்லை' என்று என் கையெழுத்தில் எழுதியிருந்தது.