மூன்று என்றார் அத்தான்

போர்க்காலத்தில் வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் ஒண்டிக் கிடந்தேன். என்னைப் போல் வாய்க்கொழுப்புப் பிடித்தவன் அந்தத் தெருவிலேயே இருந்திருக்க மாட்டான். கிழமைக்கு ஒருநாள் வேதாந்த வகுப்புக்குப் போய்வந்து, உள்ளது ஒரே பொருள்தான், மற்றதெல்லாம் தோற்றம் என்று அளந்துகொண்டிருந்தேன். அக்காவின் புருஷன் சைவ சித்தாந்தி. கடவுள், உயிர், உயிரைக் கட்டிவைத்திருக்கும் தளை என மூன்று உண்டு, ஒன்று மற்றதாகாது என்பார்.

அவர் சாப்பிடும் சோற்றுக் கோப்பையும் அப்படித்தான் இருக்கும். சோறு நடுவில், பருப்பு ஒரு பக்கம், கத்தரிக்காய் ஒரு பக்கம், சம்பல் ஓரத்தில். ஒன்றோடொன்று முட்டினால் முகம் சுளிப்பார். நான் எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்து உருட்டி, அவர் பார்க்க வேண்டும் என்றே வாயில் போடுவேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம் அவரை வம்புக்கு இழுத்தேன்.

“செத்தாப் பிறகு நீங்கள் ஆர், நான் ஆர் அத்தான்? எல்லாம் ஒண்டுதான். உங்களை ஆர் தனியப் பிரிச்சு எடுக்கப் போகினம்?”

“மச்சான், நான் நானாத்தான் போவன். நீ உன்ர பாட்டைப் பார்.”

“எனக்கு இவர் இவராத்தான் வேணும்” என்றாள் அக்கா. அதற்கும் ஒரு நக்கல் அடித்தேன்.

மூன்றாம் நாள் கோட்டை பஸ் நிலையத்தில் குண்டு வெடித்தது. வேலை முடிந்து அத்தான் பஸ்ஸில் ஏறியிருந்தார். எனக்குச் சிங்களம் ஓடும் என்பதால் பிரேத அறைக்கு நான்தான் போனேன். அங்கிருந்த ஊழியன் அவருடைய கைக்கடிகாரத்தைத் தந்துவிட்டு, ஆணி அடித்த பெட்டி ஒன்றைக் காட்டினான். உள்ளே இருப்பது இவர் மட்டும்தானா என்று கேட்டேன். பாவம், அவனும் களைத்துப் போயிருந்தான்.

“ஒக்கோம எகய், மாத்தயா.”

எல்லாம் ஒன்றுதான். சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினான். இத்தனை மாதம் வகுப்பில் படித்ததை அவன் ஒரே மூச்சில் முடித்துவிட்டான். நான் கையெழுத்துப் போட்டேன்.

பெட்டியைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. வீட்டில் அக்கா அதன் மேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள். அழவில்லை.

“தம்பி, உதுக்குள்ள அவர் மட்டும்தானே?”

“ஓம் அக்கா. அத்தான் மட்டும்தான்.”

அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லை. பெட்டியைப் பார்த்துத்தான் சொன்னேன். அவள் அதைக் கவனித்தாள் என்று எனக்குத் தெரியும். அன்று பின்னேரம் கனத்தை மயானத்தில் எரித்தோம். கொள்ளி வைத்தவர்கள் நாங்கள், யார் யாருக்கு வைத்தோம் என்று இன்றுவரை தெரியாது.

அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுநாள் அக்கா எனக்குச் சோறு போட்டாள். பழக்கதோஷம், கை தன்பாட்டில் குழைக்கத் தொடங்கிவிட்டது. நிமிர்ந்தபோது அவள் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தம்பி, பிரிச்சுச் சாப்பிடு.”

சோற்றை ஒரு பக்கம் ஒதுக்கி, பருப்பை மற்றப் பக்கம் தள்ளிப் பார்த்தேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். என்னால் பிரிக்க முடியவில்லை.