அம்மாவின் வலது கை

அலுவலகக் கோப்பில் ஒட்டுவதற்கு கோட்டும் டையும் போட்டு ஒரு படம் எடுத்து வரச் சொல்லி உத்தரவு வந்தபோது, நான் சில நாள் தரையில் கால் பாவாமல்தான் நடந்தேன். மெர்டேக்கா, நாட்டின் சுதந்திரம், நெருங்கிக்கொண்டிருந்த காலம். துரைமார்கள் ஒவ்வொருவராகக் கப்பலேற, கீழே இருந்தவர்கள் ஆளுக்கொரு நாற்காலி மேலே நகர்ந்தோம். மலாக்காவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் மூலையில் உட்கார்ந்து கடிதம் பதிந்துகொண்டிருந்த என்னைத் தலைமைக் கிராணி ஆக்கிவிட்டார்கள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. தலைக்கனம் ஐம்பது வயதுக்காரனுக்கு உரியதாக இருந்தது.

அதே வாரம் கல்யாணத் தரகர் கஜா பெராங்கில் இருந்த எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தார். தெங்கேராவில் துணிக்கடை வைத்திருப்பவரின் பெண். நகரத்தில் வேரூன்றிய குடும்பம்.

"தம்பியோட தனிப் படம் போதாது. அம்மாவோட சேந்து ஒரு படம் எடுத்துக் குடுங்க. குடும்பத்தப் பாத்துட்டுத்தான் மேல பேசுவாங்க" என்றார். அம்மா காப்பி எடுத்துவர உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார். "தோட்டத்துச் சம்பந்தம் வேணாம்னு கண்டிசனா சொல்லிட்டாங்க. உங்கப்பா தோட்டத்துல ஆபீசு வேலைன்னு சொல்லி வெச்சிருக்கேன். நீங்க ஒண்ணும் பேச வேணாம். சும்மா இருந்தாப் போதும்."

சும்மா இருந்தேன். அந்த ஒரு வேலையை மட்டும் நான் எப்போதும் நன்றாகச் செய்வேன்.

அப்பா ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். ஆபீசு வாசலில் அவர் நின்றதெல்லாம் சம்பள நாளில்தான். ஜப்பான்காரன் காலத்தில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அவரைப் படம் எடுக்க யாருக்கும் தோன்றியதில்லை, கூலிகள் குடியிருந்த லயத்தில் அதற்கு வழியும் இல்லை. அம்மா என்னை இழுத்துக்கொண்டு நகரத்துக்கு வந்து, மிளகாயும் மல்லியும் இடித்து வீடு வீடாக விற்று என்னை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்தார்.

அப்பாவைப் பற்றி எங்களிடம் மிஞ்சியிருந்தது அவருடைய பெயர்தான். அது அம்மாவின் வலது கையின் உள்பக்கத்தில் இருந்தது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே தொடங்கி முழங்கைக்குப் பாதி தூரம்வரை, கறும்பச்சையில், கோணல்மாணலாகத் தமிழ் எழுத்துகள். கல்யாணமான புதிதில் லயத்துக்கு வந்த பச்சை குத்துகிறவளிடம் குத்திக்கொண்டது. புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பதில் அம்மா உறுதியாக இருந்தார். அவர் செத்துப் பன்னிரண்டு வருஷமான பிறகும் சொன்னதில்லை. யாராவது கேட்டால் கையை நீட்டுவார். கோயில் குருக்களிடம் நீட்டுவார். அடையாளக் கார்டு பதிய வந்தவர்கள் மேசை போட்டு உட்கார்ந்து புருஷன் பெயரைக் கேட்டபோதும் நீட்டினார். அந்த மலாய்க்கார அதிகாரி ஒன்றும் புரியாமல் கையைப் பார்க்க, வரிசையில் நின்ற இன்னொருவர் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த எழுத்துகளில் எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் காட்டுவார்.

அந்தப் பச்சையைப் பார்த்தால் தோட்டத்து ஆள் என்று யாரானாலும் சொல்லிவிடுவார்கள். தரகர் போன பிறகு எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

துக்காங் எமாஸ் தெருவுக்கு அடுத்த சந்தில் ஒரு சீன முதலாளி ஸ்டூடியோ வைத்திருந்தார், தவுக்கே என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். முதலில் என் அலுவலகப் படம். கோட்டு அவர் கடையுடையது. எனக்கு இரண்டு ஆள் அளவு இருந்தது. முதுகுப் பக்கம் துணியைச் சுருட்டி, கொடியில் உடுப்பு காயப்போடும் கிளிப்புகளால் கவ்வ வைத்தார். முன்னால் பார்த்தால் தலைமைக் கிராணி, பின்னால் பார்த்தால் துணிக்கொடி. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் படத்தில் இருக்கிறேன், பார்த்தவர்கள் கம்பீரம் என்றார்கள்.

பிறகு இருவரும் சேர்ந்த படம். தூண்களும் படிக்கட்டும் வரைந்த திரைக்கு முன்னால் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, என்னைப் பக்கத்தில் நிறுத்தினார். விளக்கின் சூடு முகத்தில் அடித்தது. தவுக்கே அம்மாவின் கைகளை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். அம்மா வலது கையை மெல்லத் திருப்பி, உள்பக்கம் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டார். தவுக்கே வந்து மறுபடி கவிழ்த்தார். அம்மா மறுபடி திருப்பினார்.

"சும்மா இரும்மா. படம் கெட்டுப்போயிரும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"நீ நேரா பாரு தம்பி" என்றார் அம்மா. என்னை அவர் எப்போதும் தம்பி என்றுதான் கூப்பிடுவார். கை திரும்பியபடியே இருந்தது. தவுக்கே சலித்துப்போய் அப்படியே எடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நான் மட்டும் தனியாகக் கடைக்குப் போனேன். தவுக்கே ஜன்னலோரம் சாய்வு மேசையில், கண்ணாடிமேல் ஒரு பிலிமை வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் யாரோ ஒரு பெண்ணின் கன்னத்தில் இருந்த அம்மைத் தழும்பைத் தொட்டுத் தொட்டு மறைத்துக்கொண்டிருந்தார். கழுவிக் காயவைத்திருந்த எங்கள் பிலிமை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். அதில் எங்கள் முகம் கறுப்பாகவும், அம்மாவின் கையிலிருந்த எழுத்துகள் வெளிறியும் தெரிந்தன. ஓர் எழுத்துகூட மங்கவில்லை.

இதை எடுக்க முடியுமா என்று மலாயில் கேட்டேன்.

"போலே, முடியும். இது என்ன பெரிய வேலை" என்ற அவர், கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். "என்ன இது?"

"கோத்தோர்" என்றேன். அழுக்கு.

அந்த வார்த்தை என் வாயிலிருந்து தடங்கலே இல்லாமல் வந்தது. யோசித்துச் சொல்லியிருந்தால்கூட இத்தனை வருஷம் இப்படிக் குத்தியிருக்காது என்று நினைக்கிறேன். படம் எடுக்கப் போகிறோம் என்று அம்மா அன்று இரண்டு முறை குளித்திருந்தார். அவரைத்தான் அழுக்கு என்று சொன்னேன், அவர் கையில் இருந்த அப்பாவையும் சேர்த்து.

தவுக்கே தலையாட்டினார். வெறும் பென்சில்தான், பிடிக்கவில்லை என்றால் டர்பன்டைன் தொட்டுத் துடைத்தால் பழையபடி வந்துவிடும் என்றும் சொன்னார். அது எனக்கு அப்போது தேவையில்லாத செய்தியாக இருந்தது.

படம் அருமையாக வந்திருந்தது. அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை, தன் முகத்தையும் பார்க்கவில்லை. விரலைப் படத்தின்மேல் வைத்து மடிப் பக்கமாக நகர்த்தினார். தன் கையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"அவரு எங்க தம்பி?"

எனக்கு உடனே விளங்கவில்லை. "யாரும்மா?"

"அப்பா. அவரும் படத்துல இருக்கட்டும்னுதானே கையத் திருப்பி வெச்சேன். அவருக்குன்னு ஒரு படங்கூட இல்லயே."

தெரியாதவன்போல நானும் படத்தை எட்டிப் பார்த்தேன். பிறகு, "விளக்கு வெளிச்சம் பட்டு மறைஞ்சிருக்கும்மா" என்றேன்.

"சேலக் கரையில உள்ள புள்ளிகூடத் தெரியுது" என்று படத்தைப் பார்த்தபடியே சொன்னார். "வெளிச்சம் அவரு மேல மட்டுமா பட்டுச்சு?"

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை கத்திவிட்டு மனத்தை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவர் படத்தை உறைக்குள் போட்டுக் கொடுத்துவிட்டு, "பசியாறிட்டுப் போ" என்றார். மறுநாள் காலையிலேயே நான் ஸ்டூடியோவுக்குப் போய்த் துடைக்கச் சொல்லியிருக்கலாம். நான் போனது தரகர் வீட்டுக்கு.

தெங்கேராவில் படம் பிடித்துவிட்டது. நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள். அம்மாவின் கையை என்ன செய்வது, எப்படி அவரிடம் சொல்வது என்று நான் மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தச் சிரமத்தை அம்மா வைக்கவில்லை. எங்கள் பக்கத்து வீட்டில், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டி வம்சத்து அம்மாள் ஒருவர் இருந்தார். நாம் கும்பிடும் சாமியைத்தான் அவரும் கும்பிடுவார், ஆனால் பேச்சு மலாய், உடுப்பு சாரோங்கும் கெபாயாவும். ஒரு நாள் வேலை விட்டு வந்தபோது அந்த அம்மாள் தையல் மெஷினில் எதையோ ஓட்டிக்கொண்டிருந்தார், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். வெள்ளை ரவிக்கை. கெபாயாவைப் போல மணிக்கட்டுவரை நீளக் கை, முனையில் இரண்டு பொத்தான். அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"மூணு தச்சா மாத்தி மாத்திப் போட்டுக்கலாம்ல?" என்றார்.

போதும்மா என்றேன். ஒன்றுகூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

நிச்சயத்தன்று தெங்கேரா வீட்டுக் கூடத்தில் நல்ல புழுக்கம். எல்லாரும் விசிறிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. பெண்ணின் அப்பா கல்யாணப் பத்திரிகைக்கு எழுதி எடுக்க, கையில் காகிதமும் பேனாவுமாக அம்மாவிடம்தான் கேட்டார், மரியாதை தெரிந்த மனிதர்.

"மாப்பிள்ளையோட அப்பா பேரு சொல்லுங்கம்மா."

அம்மாவின் இடது கை பழக்கப்படி வலது கைக்குப் போனது. பொத்தானைப் பிடித்தது. அங்கேயே நின்றது. அவர் என்னைப் பார்த்தார். காட்டட்டுமா என்று கேட்கிற பார்வை. என்னைப் பெற்று, மசாலை இடித்துப் படிக்க வைத்தவர், தன் புருஷன் பெயரைக் காட்ட என்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் பெயரைச் சொல்லிவிட்டேன். வேகமாகச் சொன்னதில் அவருக்குச் சரியாகக் காதில் விழாமல் இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவையும் நானே சொன்னேன். அம்மா பொத்தானை விட்டுவிட்டுக் கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார், தவுக்கே வைத்தது போலவே.

கல்யாணம் நடந்தது. என் மனைவி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே, கிணற்றடியில் அம்மா துணி துவைக்கும்போது கையைப் பார்த்துவிட்டாள்.

"அத்த கையில மாமா பேரு எவ்ளோ அழகா இருக்கு. எதுக்கு இந்த வேக்காட்டுல முழுக்கை போட்டு மூடி வெக்கிறாங்க?" என்று என்னிடம் கேட்டாள். இது தெரிந்திருந்தால் அவள் வீட்டில் சம்பந்தத்தை முறித்திருக்க மாட்டார்களா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தபோது அந்தக் கேள்வியே அசிங்கமாக இருந்தது. தலை வலிக்கிறது என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் நேராக ஸ்டூடியோவுக்குப் போனேன். தவுக்கே அலமாரியில் தேடி எங்கள் பிலிமை எடுத்தார்.

"அந்தக் கோத்தோரா? அது திரும்ப வேணுமா?" என்று ஆச்சரியமாகக் கேட்டார்.

"அது என் அப்பா" என்றேன்.

அவர் பஞ்சில் டர்பன்டைன் தொட்டு இரண்டு தரம் துடைத்தார். எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. அங்கேயே காத்திருந்து, ஈரம் காய்ந்ததும் புதுப் படத்தை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். அம்மாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

வீட்டை நெருங்கியபோது ஜன்னல் வழியாக அம்மாவும் என் மனைவியும் தெரிந்தார்கள். அம்மா ரவிக்கையின் இரண்டு கைகளையும் முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு முறத்தில் மல்லி புடைத்துக்கொண்டிருந்தார். என் மனைவி என்னவோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் வெகுநாளாகக் கேட்டதில்லை. நான் வழக்கம்போல வாசலில் சைக்கிள் மணியை அடித்தேன்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் அவசரமாக இழுத்துவிட்டார்.

"இருக்கட்டுமே அத்த" என்றாள் என் மனைவி.

"தம்பி வந்துருச்சும்மா" என்றார் அம்மா, பொத்தானைப் போட்டபடி.

படத்தைக் கொடுத்தேன். வழியெல்லாம் பழகிப் பார்த்ததில் ஒரு வார்த்தையும் வரவில்லை. அம்மா விரலால் தடவிப் பார்த்து, "வந்துட்டாரு" என்றார். முந்தானையால் துடைத்து, சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். பொத்தான்கள் போட்டபடியே இருந்தன. கையை மடித்து விட்டுக்கொள்ளம்மா என்று சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை, பிறகும் வரவில்லை.

மறுநாளிலிருந்து நான் சந்து முனையிலேயே மணி அடிக்கத் தொடங்கினேன். அங்கிருந்து வீட்டு வாசலுக்கு வருவதற்குள் அம்மாவுக்குப் பொத்தான் போட நேரம் இருக்கும்.