இரு பக்கமும் ஒரே உயரம்

கூர் தீட்டிய கத்திகளைப் பென்ரோஸ் பட்டறையிலிருந்து வாங்கிவந்து, புல்வெட்டும் டிராக்டரில் கத்திகள் சுழலும் அடித்தட்டை இம்முறை நானே மாட்டினேன். பக்கவாதத்தின் பின் குனிய முடியாத என் கணவர் நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு இருபுறமும் ஒரே உயரத்தில் நிற்காவிட்டால் புல் படிக்கட்டுப்போல் ஏற்றஇறக்கமாக வெட்டுப்படும். இடப்பக்கத் திருகை முடுக்கிவிட்டு, "இப்ப சரியோ?" என்று கேட்டேன்.

அது அப்பாவின் கேள்வி. யாழ்ப்பாணத்தில், நோயுற்ற அம்மாவின் கட்டில் மேடுபள்ளமான தரையில் சரிந்து நின்றது. அப்பா முழங்காலிட்டுக் கட்டில் காலுக்கடியில் மட்டைத்துண்டுகளைச் செருகிச் செருகி, அதையே கேட்பார்.

"ஓம், சமனாயிருக்கு. எழும்புங்கோ," என்பார் அம்மா. ஆனால் கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் இருந்த கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஒரு பக்கம் சரிந்தே நிற்கும். அப்பாவின் முழங்கால் வலி அம்மாவுக்குத் தெரியும். அம்மா இறந்த பின்பும் அந்த மட்டைகளை அப்பா எடுக்கவில்லை.

"ஓம், சமன்தான். எழும்பும்," என்றார் கணவர். "புல்லு வந்து அளந்து பார்க்கப்போகுதே?"

என் கையிலிருந்த அளவுநாடா இடப்பக்கம் அரை அங்குலம் குறைவு என்றது. மறுக்க வாயெடுத்தேன். அந்தக் குவளை முழங்காலிட்ட அப்பாவின் முகத்துக்கு நேரே இருந்தது, சரிவைப் பார்த்துக்கொண்டேதான் அவர் எழும்பியிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

நாடாவைச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன்.