குழாயடிக்கு வந்த அம்மி

ராயபுரத்தில் எங்கள் தெருக்கோடியில் முன்பு மணல் இருந்ததாம். சாயங்காலம் பெண்கள் அங்கே போய்க் காற்று வாங்கிக்கொண்டு உட்காருவார்களாம். துறைமுகச் சுவர் எழும்பிய பிறகு கடல் எங்கள் பக்கத்து மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. நான் விவரம் தெரிந்து பார்த்தபோது மணல் இல்லை. ஆண்களுக்குக் கவலையில்லை. அவர்களுக்குத் துறைமுக வாசல் இருந்தது, கள்ளுக்கடை இருந்தது. பெண்களுக்கு மிச்சமிருந்தது தெரு முனைக் குழாயடி ஒன்றுதான்.

ஒரு கருங்கல் மேடை, அதன் நடுவில் குழாய், பக்கத்தில் ஒரு பூவரச மரம். அவ்வளவுதான் அந்த இடம். தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் குடத்தை வரிசையில் வைத்துவிட்டால் அது நம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், நாம் நிற்க வேண்டியதில்லை. இது எங்கள் தெருவில் எழுதாத சட்டம். ஆகையால் குடங்கள் கால் கடுக்க நின்றன, பெண்கள் மேடையில் சாய்ந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார்கள். பூக்காரி கூடையை அங்கேதான் இறக்குவாள். வளையல்காரரும் அங்கேதான். சண்டையும் வரும். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பதை நான் அங்கேதான் கண்ணால் பார்த்தேன். எனக்கே வாய் கொஞ்சம் நீளம்தான், பொய் சொல்ல மாட்டேன்.

என் அண்ணி எண்ணூருக்கு அப்பால் முகத்துவாரக்குப்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். அந்த ஊரில் கதவைத் திறந்தால் மணலும் கழிமுகமும் ஊர்ச் சனம் மொத்தமும் கண்ணுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் கதவைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர் தெரியும். அண்ணன் துறைமுகத்தில் படகுகளிலிருந்து சரக்கு இறக்குகிறவன், விடியுமுன் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். அம்மாவும் நானும் மீன்கூடையோடு மார்க்கெட்டுக்குப் போய்விடுவோம். அண்ணி தனியாக இருப்பாள். வந்த புதிதில் வீட்டுக்குள் அவள் குரலே கேட்காது. ஊமையோ என்று எனக்குச் சந்தேகம். ஒரு நாள் குழாயடிப் பக்கம் போனபோது யாரோ விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. பார்த்தால் என் அண்ணி. குப்பத்துக் கதை எதையோ சொல்லி, சுற்றி இருந்தவர்களையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது.

அம்மாவுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. ஒரு குடம் தண்ணீருக்கு அரைநாளா என்று முணுமுணுப்பாள். அம்மா பிறந்தது திருவொற்றியூரில். கோயில் நிழலில் பிறந்தவள் என்று அவளுக்கு எப்போதும் ஒரு மிடுக்கு உண்டு. குழாயடிப் பேச்சு குடும்பத்துக்கு ஆகாது என்பது அவள் கட்சி.

அந்த வருஷம் கார்ப்பரேஷன் மெம்பர் தெருவுக்கு வந்தபோது பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் ஒன்றைக் கேட்டோம். இடுப்பு ஒடியக் குடம் சுமக்கிறோம், ஒரு குழாய் போதாது, வீட்டுக்குப் பக்கத்தில் கொடுங்கள் என்றோம். அதிகம் கத்தினது நான்தான். கேட்டது கிடைத்துவிட்டது. தெரு நெடுக அங்கங்கே புதுக் குழாய் வைத்தார்கள், முனையிலிருந்த பழைய குழாயைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் புதுக் குழாய்களுக்கு மஞ்சள் குங்குமம் இட்டுத் தேங்காய் உடைத்தோம்.

பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. புதுக் குழாயில் வரிசையே இல்லை. போனோம், பிடித்தோம், வந்தோம். உட்கார மேடை இல்லை, உட்காரக் காரணமும் இல்லை. பூக்காரி இரண்டொரு நாள் பூவரச மரத்தடியில் காத்துப் பார்த்துவிட்டு வேறு தெருவுக்குப் போய்விட்டாள். காய்ந்த மேடையில் நாய் படுத்துக்கொண்டது.

அண்ணி சட்டென்று குடத்தை நிரப்பிக்கொண்டு வந்து கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவாள். மறுபடி ஊமையானாள். உடம்பு சரியில்லை என்று தாய்வீட்டுக்கு ரயிலேறினாள், வந்தாள், மறுபடி போனாள். ஒவ்வொரு தடவையும் அங்கே தங்குவது நீண்டது. கடைசியாகப் போனவள் வரவேயில்லை. அண்ணன் சோற்றைப் பிசைந்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். தெருவில் வாழாவெட்டி என்ற சொல் எழுந்துவிட்டது. எனக்குப் பயமாக இருந்தது. அவள் இனி வரமாட்டாள் என்றே நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் நானும் அவளை அழைத்துவரப் போனோம். அவள் மணலில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து வலையில் சிக்கிய நண்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது. அண்ணன் கோபப்படவில்லை. உனக்கு என்ன குறை வைத்தோம், தண்ணீர்கூட இப்போது வாசலில் வருகிறதே என்று மெதுவாகத்தான் கேட்டான்.

அண்ணி நண்டைக் கீழே வைத்தாள். "அங்க வூட்டாண்டயே தண்ணி கீது. பேசறத்துக்குத்தான் ஒரு மன்சா இல்ல. செவுத்தாண்டயா பேசிகினு இருக்க சொல்றே?"

அண்ணன் அவள் கீழே வைத்த நண்டை எடுத்துக் கூடையில் போட்டான். நாங்கள் இருவர் மட்டும் திரும்பினோம்.

வீட்டில் அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். அம்மா திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் மார்க்கெட்டிலிருந்து வந்ததும் அம்மா என்னைக் கூப்பிட்டு அம்மியின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மி வீட்டு லட்சுமி, வாசற்படி தாண்டக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். ஏன் என்று கேட்டதற்கு முறைத்தாள். மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய குழாய் மேடையில் போட்டோம். அம்மா நாயை விரட்டிவிட்டு, மீன்குழம்புக்கு மிளகாயும் தனியாவும் வைத்து அரைக்க ஆரம்பித்தாள்.

எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று, "இன்னாம்மே, அம்மிய தெருவுல போட்டுகினு கீறே?" என்று கேட்டாள்.

வீட்டில் காற்று வரவில்லை என்றாள் அம்மா. கடலை அடுத்த தெருவில் இதைவிடப் பெரிய பொய் யாரும் சொன்னதில்லை. எனக்கு மானம் போயிற்று.

ஆனால் மிளகாய் நெடி வீட்டுக்குள் சுற்றாமல் மரத்தடியோடு போவதை எதிர்வீட்டுக்காரி கவனித்திருக்க வேண்டும். அன்றே கொஞ்சம் மிளகாயை எடுத்துக்கொண்டு, அம்மா அரைத்து முடிக்கட்டும் என்று மேடையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு இன்னொருத்தி தன் அம்மியையே கொண்டுவந்தாள். எங்கள் தெருவில் மீன் இல்லாத நாள் குறைவு, மசாலா அரைக்காத வீடு இல்லை. குடத்துக்குப் பதில் இப்போது மிளகாய்க் கிண்ணங்கள் வரிசையில் நின்றன, பெண்கள் உட்கார்ந்தார்கள். மேடையை இடிக்கக் கடப்பாரையோடு வந்த கார்ப்பரேஷன் ஆட்கள் மிளகாய் நெடியில் கண் எரிந்து, அப்புறம் வருகிறோம் என்று போனார்கள். வரவேயில்லை. பூக்காரிக்கு யார் சொன்னார்களோ, வந்துவிட்டாள். நான் சொல்லியனுப்பியது அண்ணிக்கு மட்டும்தான். எண்ணூர்ப் பக்கம் நண்டு வாங்கப் போகிற ஒருத்தியிடம், குழாயடியில் மறுபடி கூட்டம் என்று மட்டும் சொல்லச் சொன்னேன்.

அண்ணி ஒரு பிற்பகல் வந்தாள். தெருமுனையில் திரும்பியவள் மேடையைப் பார்த்து நின்றுவிட்டாள். எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளி இடம் விட்டு, "கை வலிக்குது. இந்தா, கொழவிய புடி" என்றாள். அண்ணி மூட்டையை என் மடியில் போட்டுவிட்டு உட்கார்ந்து அரைத்தாள். வீட்டுக்குள் போனது விளக்கு வைக்கும் நேரத்தில்தான்.

சில நாள் கழித்து மேடையில் நாங்கள் மூவர் மட்டும் இருந்தபோது அண்ணி தயங்கித் தயங்கிக் கேட்டாள், எனக்காகவா அத்தை, அம்மியை வாசற்படி தாண்ட வைத்தீர்கள் என்று.

அம்மா மசாலாவை வழித்துக் கிண்ணத்தில் போட்டாள். இத்தனை வருஷமாகக் குழாயடியைத் திட்டித் தீர்த்தவள், குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"நான் மட்டும் இன்னா, இந்த தெருவுலயா பொறந்தேன்?"