வண்டி பயந்தது, மச்சான் பயப்படவில்லை

இன்று காலை மச்சானின் புதுக் காரில் சோழவந்தானுக்கு ஒரு காதுகுத்துக்குப் போனோம். குறுக்கே ஏதாவது வந்தால் தானாகவே பிரேக் பிடிக்கும் கார் அது.

மதுரையைத் தாண்டுவதற்குள் பலமுறை பிடித்துவிட்டது.

"ஆட்டுக்குட்டிக்கெல்லாம் நின்னா எப்பப் போய்ச் சேர? இம்புட்டுப் பயந்த வண்டி நம்ம ரோட்டுக்கு ஆகாது மாப்ள" என்று மச்சான் ஒரு பொத்தானை அமுக்கி அந்த பிரேக்கை அணைத்துவிட்டார்.

கொஞ்ச தூரத்தில் ஒரு பஸ்ஸை முந்த எதிர்ப்பக்கம் ஏறினார். எதிரே ஸ்கூட்டரில் வந்த பெண் பதறி மண்ணில் இறங்கி, சறுக்கி விழுந்தார்.

நான் கத்திய பிறகுதான் மச்சான் காரை நிறுத்தினார். ஓடிப்போய்த் தூக்கினேன். அவர் முழங்கையில் ரத்தம் வழிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன்.

"வேணாம்ணே, வேலைக்கு நேரமாச்சு. நாந்தான் முன்னாடியே ஒதுங்கியிருக்கணும்" என்றார்.

ஸ்கூட்டரை நிமிர்த்திக் கொடுத்தேன்; ஏறிப் போய்விட்டார்.

காரில் ஏறியதும் மச்சான் சொன்னார்: "பாத்தீங்களா மாப்ள? அந்தப் பொண்ணு ஒதுங்கிரும்னு தெரிஞ்சுதான் ஏறுனேன்."

திரும்பும்போது பஸ்ஸில் வந்துவிட்டேன்.

அந்த பிரேக்கை அணைக்கும் பொத்தானை எதிரே வருகிறவர் கையில் கொடுக்கலாம் என்று எந்தக் கம்பெனியாவது யோசித்திருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.