தறிக்குழியில் ஒரு சமாதி

அமாவாசை அன்று எங்கள் தெருவில் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் உட்காருவார், நெய்வதற்கு அல்ல, தியானத்துக்கு. தறிச் சத்தமில்லாத நாள் அது ஒன்றுதான் என்பார். தியான வகுப்புக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் பேச்சே மாறிவிட்டது. விழிப்பு, கனவு, உறக்கம் மூன்றையும் தாண்டி நாலாவதாகத் துரியம் என்று ஒரு நிலை இருக்கிறதாம். அதில் ‘நான்’ என்பதே கரைந்துவிடுமாம். “மொதல்ல முழிச்சிக்கினு இருக்கும்போது வூட்டைக் கவனிங்க” என்பேன். சிரிப்பார்.

அன்று விரதம். காலையில் எதுவும் சாப்பிடாமல், சர்க்கரை வியாதிக்கான மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டார். மாத்திரையால் விரதம் கெடாது என்பது அவர் கட்சி. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மதியம் படையல் போட்டுவிட்டுக் கூப்பிடப் போனேன். கால்கள் தறிக்குழிக்குள் தொங்க, முதுகு சுவரிலும் மார்பு துணி சுற்றும் மரத்திலும் பட, அசையாமல் இருந்தார். கண்கள் பாதி திறந்திருந்தன. கூப்பிட்டேன். உரக்கக் கூப்பிட்டேன். பதில் இல்லை.

என் சத்தம் கேட்டு, அவரோடு வகுப்புக்குப் போகிற எதிர்வீட்டு அண்ணன் ஓடிவந்தார். பார்த்ததும் கைகூப்பிவிட்டார்.

“கத்தாதம்மா. துரியத்துல இருக்காரு. மயக்கமா இருந்தா சாஞ்சிருப்பாரே, எப்படி நேரா உக்காந்துக்கினு இருக்காரு பாரு. இப்பத் தொட்டா உசுரு உடம்புக்குத் திரும்பாது.”

அவ்வளவுதான், தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா ஒரு தட்டில் வாழைப்பழமும் நாட்டுச் சர்க்கரையும் வைத்துக் கற்பூரம் ஏற்றினார். யாரோ செல்போனில் படம் எடுத்தார்கள். ஒரு பெண் கீழே விழுந்து கும்பிட்டாள்.

நம்பாதவளாக இருந்திருந்தால் பிடித்து உலுக்கியிருப்பேன். நானும் பாதி நம்பினேன், அதுதான் வினை. தொட்டால் நானே அவரைக் கொன்றவள் ஆவேன். தொடாமல் விட்டால்? அதற்குமேல் நினைக்கப் பயந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றேன்.

கற்பூர வெளிச்சத்தில் அவர் கழுத்து மின்னியது. வியர்வை. பனியனைப் பிழியலாம் போல் இருந்தது. தாடையிலிருந்து ஒரு சொட்டு, தறியிலிருந்த முகூர்த்தப் புடவையின் ஜரிகைமேல் விழுந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. காய்ச்சலில் பிதற்றும்போதுகூட, பட்டில் ஈரம் படக்கூடாதென்று துண்டைத் தேடுகிற கை அது.

கையைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. தோளைப் பிடித்துச் சற்றே இழுத்தேன். தலை என் மேல் சரிந்தது. அவராக நிமிர்ந்து உட்கார்ந்திருக்கவே இல்லை, தறிதான் அவரை விழாமல் பிடித்திருந்தது.

வெறும் வயிற்றில் போட்ட மாத்திரை நினைவுக்கு வந்தது. தட்டிலிருந்த நாட்டுச் சர்க்கரையை அள்ளி, தண்ணீரில் குழைத்து அவர் கன்னத்தின் உட்புறம் தடவினேன். “பாவி, கலைச்சிட்டியேம்மா!” என்று அண்ணன் கத்தினார். “நீங்க ஆம்புலன்சைக் கூப்டுங்கண்ணா!” என்று நானும் கத்தினேன். தடவிக்கொண்டே இருந்தேன். அவர் உதடு அசைந்தது.

பட்டினியில் அந்த மாத்திரையைப் போட்டதால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கைமீறிப் போயிருக்குமாம். டாக்டர் போனதும் கட்டிலருகே உட்கார்ந்தேன்.

“எங்கங்க போய்ட்டீங்க? நான் கத்தினது காதுல விழலியா?”

“தெரியலம்மா. அங்க யாரும் இல்ல. நீ இல்ல, நானே இல்ல. நல்லா இருந்துது.” அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். கோபமே இல்லை அந்த முகத்தில். “ஏம்மா கூப்ட்ட?”

செத்துவிடுவாரோ என்று பயந்தபோதுகூட நான் இப்படி நடுங்கவில்லை. அவர் கையை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர் உதறவில்லை. திருப்பிப் பிடிக்கவும் இல்லை.