முன்பக்கத்து டக்

ஸ்பேனர் என்ற பெயரை அவருக்கு வைத்தவர்கள் மரச்சாமான் கடையில் கூட வேலை பார்ப்பவர்கள். வாங்கியவர் வீட்டுக்கே போய்க் கட்டில், அலமாரி, மேசை எல்லாவற்றையும் பூட்டிக் கொடுப்பது அவர் வேலை. அவர் பூட்டிய கட்டில் கிறீச்சிடுகிறது என்று இதுவரை யாரும் போன் செய்ததில்லை. வீடு மாறும்போது கழற்ற வரவில்லை என்றுதான் செய்வார்கள். அதை அவர் பாராட்டாக எடுத்துக்கொள்வார்.

வீட்டிலும் அப்படித்தான். அவர் மூடிய குழாயை அவரேதான் வந்து திறக்க வேண்டும். மனைவியின் மூக்குக்கண்ணாடி லொடலொடவென்று இருக்கிறதே என்று ஒருநாள் இறுக்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து அதன் கால்கள் மடங்குவதில்லை. விரித்த வாக்கிலேயே ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருக்கிறாள்.

மனைவிக்கு மேட்டுக்குக் கீழே இருக்கும் பல் ஆஸ்பத்திரியில் வேலை. டாக்டரம்மா பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுப்பது, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது. போய்வர ஒரு பழைய மவுன்டன் பைக். அவளுடைய தம்பி வெளிநாடு போனபோது விட்டுவிட்டுப் போனது. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் ஸ்பிரிங் வைத்தது. வாங்கிய புதிதில் அது பெரிய பெருமை. வீட்டில் புருஷன், ஆஸ்பத்திரியில் வாயைத் திறந்தபடி வரிசையாக ஆட்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த இறக்கத்தில்தான் அவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

ஒருநாள் முன் பிரேக்கைப் பிடித்தபோது கைக்கு அடியில் டக் என்றது. மறுநாளும் டக். வண்டியின் முன்பக்கம் லேசாக ஆடுகிறது என்று வீட்டில் சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம்.

ஸ்பேனர் முதலில் ஹேண்டில் தலையில் இருந்த திருகை இறுக்கினார். பிறகு பிரேக் கட்டைகளை. பிறகு சக்கரத்தின் அச்சை. கை சும்மா இருக்கவில்லை, யாரும் புகார் சொல்லாத சீட்டையும் இறுக்கினார்.

காலையில் ஓட்டிப் பார்த்தாள். டக் அப்படியே இருந்தது. கூடுதலாக, ஹேண்டில் ஒரு பக்கம் திரும்பினால் மறுபக்கம் வர மறுத்தது. இறக்கத்தின் முதல் வளைவில் பாதை திரும்பியது, வண்டி திரும்பவில்லை. மூலை வீட்டுச் செடி வேலிக்குள் போய் நின்றாள். வேலிக்கு ஒன்றும் ஆகவில்லை.

தலையில் இலைகளோடு அவள் வீடு திரும்பியதை யார் போய்ச் சொன்னார்களோ, அன்று மாலையே ஸ்பேனரின் அக்கா காரில் வந்து இறங்கினார். அவருடைய ஆபீஸ் பல் ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்புறம்.

"அந்தத் தகர டப்பாவைத் தூக்கிப் போடுங்க. நாளையிலருந்து நானே கூட்டிட்டுப் போறேன். எப்படியும் காலி சீட்டுதானே?"

"உங்களுக்கு எதுக்கு அண்ணி சிரமம்…"

"எனக்கென்ன சிரமம்? பேசிக்கிட்டே போகலாம்."

அதுதான் விஷயம். அக்கா வீட்டில் குளியலறை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் டைல்ஸின் நிறம். இரண்டாம் நாள் அதே டைல்ஸ் வெளிச்சத்தில் வேறு நிறமாகத் தெரிந்த அநியாயம். மிச்ச வாரம் முழுவதும், தண்ணீர் ஓட வேண்டிய வாட்டம் தவறி மேஸ்திரி தரையைப் போட்டதில் போயிற்று. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து, பேச முடியாத நோயாளிகளைப் பார்க்கும்போது அவளுக்கு மனசுக்கு இதமாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் சைக்கிளை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, இங்க வாங்க. திங்கட்கிழமை நான் இதுலதான் போகணும்."

"இனிமே இறுக்க இதுல எதுவும் இல்லையே," என்றார் ஸ்பேனர், உண்மையான வருத்தத்தோடு.

"இறுக்க வேணாம். நீங்க இறுக்கினதையெல்லாம் அவுத்து விடுங்க."

அவர் முகம் சுண்டியது. "அவுத்தா இன்னும் ஆடுமே?"

"ஆடட்டும். எது ஆடுதுன்னு பார்க்கணும்ல? பல்லு ஆடுதுன்னு யாராவது வந்தா எங்க டாக்டரம்மா மொதல்ல எந்தப் பல்லுன்னு ஒவ்வொண்ணா தொட்டுப் பார்ப்பாங்க. நீங்க மொத்த வாய்க்கும் சிமெண்ட்டு பூசி விட்டீங்க."

ஸ்பேனர் திருகு சுற்றும் ஆலன் கீயை எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, அதை எதிர்ப்பக்கம் சுற்றினார். ஹேண்டில் தானாகத் திரும்பும் அளவுக்குத் திருகைத் தளர்த்தி, ஆட்டம் வராத அளவுக்கு நிறுத்தினார். அது அவருக்குக் கைவந்த கலைதான். நிறுத்த மனசு வருவதில்லை, அவ்வளவே.

இன்னொரு கை தேவைப்பட்டது. ஒருவர் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைக்க வேண்டும், இன்னொருவர் விரல் வைத்துப் பார்க்க வேண்டும், மூன்றாமவர் வண்டியைச் சாயாமல் பிடிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து வாசலில் கார் நின்றது.

"டேய் தம்பி, அந்த மேஸ்திரி என்ன பண்ணியிருக்கான் தெரியுமா?"

"அக்கா, இதைக் கொஞ்சம் பிடி. அந்த பிரேக்கை அழுத்திக்கிட்டு முன்னபின்ன ஆட்டு."

அக்கா கைப்பையைத் தோளில் மாட்டியபடியே பிரேக்கை அழுத்தி ஆட்டினார். "தண்ணி கதவுப் பக்கம் ஓடுதுடா!" டக். "கேட்டா, துடைச்சுக்குங்கங்கறான்!" டக்.

மனைவி ஹேண்டிலுக்குக் கீழே, ஃபோர்க் வண்டிக்குள் நுழையும் இடத்தில், பாதி விரல் ஃபோர்க்கிலும் பாதி வண்டியிலுமாக வைத்தாள். டக் கேட்டது. விரலுக்கு எதுவும் தெரியவில்லை.

"ஹேண்டிலைப் பக்கவாட்டுல திருப்பிட்டு ஆட்டுங்க அண்ணி."

சக்கரம் குறுக்கே நின்றது. அக்கா ஆட்டினார். மேஸ்திரியின் பரம்பரையே வந்துபோயிற்று. டக் மட்டும் வரவில்லை.

"ஹேண்டில் கழுத்துக் கப்புல ஆட்டம் இருந்தா இப்பவும் சத்தம் வரணும்," என்றார் ஸ்பேனர் மெதுவாக. "அப்ப ஹேண்டில் இல்ல."

ஒரு வாரமாக அவர் நெரித்து வைத்திருந்தது ஹேண்டிலைத்தான்.

வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தார்கள். அசையவில்லை. பிரேக் கட்டைகளும் இடத்தில்தான் இருந்தன. ஹேண்டிலை மறுபடி நேராக்கி, ஃபோர்க்கின் மெல்லிய மேல்குழாய் தடித்த கீழ்க்குழாய்க்குள் இறங்கும் ரப்பர் வளையத்தில் கட்டைவிரலை வைத்தாள்.

"ஆட்டுங்க அண்ணி."

"அப்புறம் அவன் சொல்றான்…"

டக்.

"இங்கதான்," என்றாள். "நீங்களும் வச்சுப் பாருங்க."

ஸ்பேனர் விரல் வைத்தார். மேல்குழாய் உள்ளே தள்ளாடியது. குனிந்து பார்த்தார். சுற்றிப் பார்த்தார். கீழேயிருந்தும் பார்த்தார்.

"இதுக்குத் திருகே இல்லையே," என்றார்.

"இல்லதான்."

"பின்ன எப்படிச் சரி பண்றது?"

மறுநாள் சைக்கிள் கடைக்காரர் சொன்னார். குழாய்க்குள் மேல்குழாயைப் பிடித்திருக்கும் புஷ் வளையம் தேய்ந்துவிட்டது. இந்த ஃபோர்க்குக்குப் புதுப் புஷ் கிடைக்காது, செய்த கம்பெனியே இப்போது கிடையாது. வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க் ஒன்று மூலையில் கிடந்தது. அதைத் தட்டிப் பார்த்து எடுத்து வந்தார்.

"குலுங்கும். பரவாயில்லையா?"

"கை குலுங்கினா பரவாயில்ல," என்றாள் மனைவி. "காதுதான் தாங்காது."

கடைக்காரருக்குப் புரியவில்லை. ஸ்பேனருக்குப் புரிந்தது. அவர் அங்கிருந்த சக்கரம் ஒன்றைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஃபோர்க்கை மாட்டி முடித்ததும் ஸ்பேனர் ஹேண்டில் திருகின் மேல் கையை வைத்தார். மனைவி அவர் கையின் மேல் கையை வைத்தாள். அவர் எடுத்துக்கொண்டார்.

அன்று மாலை அக்காவுக்கு அவரே போன் செய்தார். நாளையிலிருந்து அவள் சைக்கிளிலேயே போய்க்கொள்வாள், கார் வேண்டாம் என்றார்.

"ஆட்டினது நான். கண்டுபிடிச்சதும் ஒருவிதத்துல நான்தான். என்கூடவே வர மாட்டேங்கிறாளா?"

"இல்லக்கா, அவளுக்குக் கொஞ்சம் காத்து வாங்கணுமாம்."

"என் கார்லயும் காத்து வருமேடா."

திங்கட்கிழமை அவள் இறக்கத்தில் தனியாகப் போனாள். ரோடு கை வழியாகத் தோள் வரை வந்தது. மூலை வீட்டு வேலியைத் தாண்டும்போது பின்னால் கார் சத்தம் கேட்டது. பக்கத்தில் வந்ததும் அது சைக்கிள் வேகத்துக்குக் குறைந்தது. கண்ணாடி இறங்கியது.

"அப்புறம் அவன் சொல்றான், வாட்டம் எல்லாம் கண்ணுக்குத்தான் அப்படித் தெரியுதாம்…"

அவள் முன் பிரேக்கைப் பிடித்தாள். டக் இல்லை. சைக்கிள் ஆட்டம் அசைவில்லாமல் நின்றது. கார் பேசிக்கொண்டே இறக்கத்தில் போய்விட்டது.